அந்தப் புடி ஆரோடதுங்க?

வாங்க, வாங்க. மண்டபம் பாக்க வர்றவங்க மொதல்ல கேக்கறது கார் நிறுத்த எடம் இருக்குதுங்களான்னுதான். அப்பறம் ஜெனரேட்டர். அப்பறம் சமையக்கட்டு. நீங்க ஒருத்தருதாங்க உள்ள காலு வெச்சதும் அண்ணாந்து மேல பாத்தீங்க. பாருங்க, தப்பில்லீங்க. பாக்கறதுக்குத்தானே கட்டி வெச்சிருக்கறேன். ஆனா ஆராச்சும் அப்படி அண்ணாந்து பாத்தா எனக்கு ஒரு மனுசன் ஞாபகம் வந்து வகுறு எரிஞ்சு போகுது. இப்பவும் எரிஞ்சுது. நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க.

இப்படி ஆபீஸ் ரூமுல வந்து உக்காருங்க. உள்ள இன்னிக்குச் சாயங்காலம் பொழுதோட நடக்கற ரிசப்சனுக்கு டெக்ரேசன் பண்ணிட்டிருக்கறாங்க, ஒரே தூசி. முடியட்டும், சாவகாசமாக் கூட்டிட்டுப் போயிக் காட்டறேன். டீ சொல்லியிருக்கறேன், வந்துரும்.

பொண்ணுக்குங்களா? ஆவணியில. நல்லதுங்க. பொண்ணு என்ன பண்ணுது? டீச்சருங்களா. நெம்ப நல்லது.

என்ன கேட்டீங்க, இதை ஆரு கட்டுனதுன்னா? எல்லாரும் சாதாரணமாக் கேக்கற கேள்விதான். ஆனா எனக்கு அதுக்கு ஒத்த வார்த்தையில பதில் சொல்ல வர்றதில்லீங்க. டீ வர்றவரைக்கும் சொல்றேன், கேளுங்க.

எனக்குத் தொழில் எண்ணெய் மில்லுங்க. காங்கயத்துல கொப்பரை, எண்ணெய், எங்கப்பா காலத்துலருந்து. பேரு தெய்வசிகாமணின்னு சொன்னா அங்க ஆருக்கும் தெரியும். எங்கம்மா காலமானதுக்குப் பொறகு அவங்க பேருல ஒரு நல்ல காரியம் பண்ணோணும்னு நெனச்சு இந்தத் தாராபுரம் ரோட்டு எடத்துல மண்டபம் கட்ட ஆரம்பிச்சேன். தெய்வாத்தாள் மஹால். அப்ப எம்பொண்ணு தாரணி காலேஜ்ல படிச்சிட்டிருந்துச்சு. அது போன்ல ஒரு படம் காட்டுச்சுங்க. எங்கியோ வெளியூருல ஒரு மண்டபம். நடு ஹாலுல, மேடைக்கு எதுத்தாப்புல, ஆகாசத்துல ஒரு மாடம் தொங்குது. கீழ தூணே இல்லீங்க. கூரையிலருந்து கம்பி எறங்கி வந்து அப்படியே தூக்கிப் புடிச்சிருக்குது. பொண்ணும் மாப்பளையும் அதுல நின்னு கீழ இருக்கற ஒறம்பரை சனத்துக்கெல்லாம் பூவை அள்ளி வீசறாங்க. "அப்பா, நம்ம மண்டபத்துல இது வேணும்ப்பா"ன்னுச்சு. வெச்சுட்டேன். தொங்குமாடம்னு நானேதான் பேரு வெச்சேன். நம்ம சுத்து வட்டாரத்துல வேற எங்கியும் இல்லீங்க. இந்த மண்டபத்துக்கு ஆளுக வர்றதே அதுக்குத்தான்.

நான் ஒரு வேலையை எப்பவும் ஒரே ஆளுகிட்டக் குடுக்கறதில்லீங்க. மில்லுல பாத்தீங்கன்னா கொப்பரை வாங்கறவன் வேற, எடை போடறவன் வேற, மிசினுல நிக்கறவன் வேற. ஒருத்தன் சோலி இன்னொருத்தனுக்குத் தெரியக் கூடாது. அப்படி இருந்தாத்தான் ஏமாத்த முடியாது. இன்னிக்கு வரைக்கும் ஒரு டின் எண்ணெய் களவு போனதில்லீங்க. மண்டபத்துக்கும் அதே முறைதான் வெச்சேன். பெரிய கம்பெனிக்காரன் ஒருத்தன் வந்து, "டிசைன்லருந்து சாவி வரைக்கும் நாங்களே பாத்துக்கறோம், எது ஒண்ணுன்னாலும் நாங்க பொறுப்பு"ன்னான். எதுக்குங்க? ஒரே ஆளு எல்லாத்துக்கும் பொறுப்புன்னா அவனை ஆரு கேள்வி கேக்கறது? பிரிச்சேன். டிசைன் ஒருத்தரு. கட்டடம் ஒருத்தரு. இரும்பு வேலை ஒருத்தரு. மூணு பேருக்கும் நடுவுல நான். எதுவா இருந்தாலும் எங்கிட்ட வந்துதான் அடுத்த ஆளுக்குப் போகோணும்னு சொல்லிப் போட்டேன்.

டிசைன் பண்ணுனது கோயமுத்தூர் ஜெகநாதன் சாருங்க. நெம்பப் படிச்ச மனுசன், காலேஜ்ல வாத்தியாரா இருந்து வெளிய வந்தவரு. கட்டடத்தைக் கட்டுனது சென்னியப்பன், எனக்கு மச்சான் மொறை. இரும்பு வேலை பூராவும் கோயமுத்தூர் கணபதியில பட்டறை வெச்சிருந்த வின்சென்ட். மூணு பேரும் அவங்கவங்க தொழில்ல கெட்டிக்காரங்க. நான் ஒருத்தரையும் குறை சொல்ல மாட்டேன்.

ஜெகநாதன் சாரு மொத நாளே, "வேலை நடக்கறப்ப நான் அப்பப்ப வந்து பாக்கணுங்க"ன்னாரு. நான் வேண்டாம்னுட்டேன். "நீங்க படம் போட்டுக் குடுத்தாப் போதுங்க சார், சைட்டை மச்சான் பாத்துக்குவாப்ல"ன்னேன். படத்தை இழுத்து வெச்சுப் பேனாவை எடுத்தாரு. அப்பறம் படத்துல ஓரமா ஒரு வரி எழுதினாரு. என்னன்னு கேட்டேன். "மாடமும் கம்பியும் நான் டிசைன் பண்ணிட்டேன். அந்தக் கம்பி மேல போயி கூரை இரும்பைப் பிடிக்குது பாருங்க, அந்தப் பிடி எப்படி வரணும்கறது செய்யற பட்டறையைப் பொறுத்தது. அதை அவங்க டிசைன் பண்ணி, அடிக்கறதுக்கு முன்னாடி எங்கிட்டக் காட்டணும். அதைத்தான் எழுதியிருக்கேன்"ன்னாரு. சரிதான், அவரும் நம்மளை மாதிரியே பிரிச்சுக் குடுக்கறாருன்னு எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு.

மச்சான்கிட்ட அதைக் காட்டுனேன். "அது இரும்புச் சோலி மச்சான், பட்டறைக்காரன் பாடு"ன்னாப்ல. பட்டறைக்காரர்கிட்டக் காட்டுனேன். வின்சென்ட் படிச்சுப் பாத்துட்டுத் தலையைச் சொறிஞ்சாரு. "டிசைன் எங்க வேலை இல்லீங்க. நாங்க அடிச்சுக் குடுக்கறவங்க. வேணும்னா எங்க வழக்கத்துல அந்தப் புடி எப்படி அடிப்பமோ அதை ஒரு படம் போட்டு அனுப்பறேன். சாரு பாத்து, கணக்குப் போட்டு, சரின்னு சொல்லட்டும். அப்பறம் அடிக்கறேன்"ன்னாரு. இதுவும் ஞாயந்தானுங்களே?

அனுப்பினாரு. எம்போனுக்கு அனுப்பினாரு. எங்கிட்ட வந்துதானே போகோணும்? அந்தச் சமயம் பாத்து தெறப்பு விழாவுக்கு நாள் குறிச்சாச்சு, பத்திரிகை அடிச்சாச்சு, மந்திரி ஒருத்தரு வர்றேன்னுட்டாரு. மில்லுல வேற கொப்பரை வரத்து. ஜெகநாதன் சாரு, "அந்தப் படம் வந்துச்சுங்களா?"ன்னு போன் போட்டுக் கேட்டாரு, மறுக்கா ஒருக்கா கேட்டாரு. "வந்ததும் அனுப்பறேங்க சார்"ன்னேன். வின்சென்ட் அந்தப் பக்கம், "சார் பாத்தாச்சுங்களா? ஆளுக சும்மா உக்காந்திருக்கறாங்க"ன்னு கேட்டுட்டே இருந்தாரு. ஒரு நாளு, "பாத்தாச்சு, அடிங்க"ன்னு சொல்லிப் போட்டேன்.

பொய்யில்லீங்க. பாத்தாச்சுங்களான்னு கேட்டாரு, பாத்தாச்சுன்னேன். நான் பாத்தனில்லீங்களா? நீட்டா, கோடெல்லாம் நேரா, நல்லாத்தான் இருந்துச்சு. ஜெகநாதன் சாருக்கு அனுப்பியிருந்தா என்ன சொல்லியிருப்பாரு? கனம் பத்தாதும்பாரு. இஞ்சினியருக எப்பவாச்சும் கனம் எச்சா இருக்குதுன்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா நீங்க?

டீ வந்துருச்சு, எடுத்துக்கோங்க. சக்கரை போடலாமில்லீங்க?

தெறப்பு விழா அமோகமா நடந்துச்சுங்க. மந்திரி தொங்குமாடத்துல ஏறி நின்னு கையாட்டுனாரு. ஜெகநாதன் சாரும் வந்திருந்தாரு. உள்ள வந்தவரு, இன்னிக்கு நீங்க பாத்தீங்களே, அதே எடத்துல நின்னு அண்ணாந்து பாத்தாரு. பாத்தவரு பாத்தபடியே நின்னுட்டாரு. வர்றவங்க போறவங்க எல்லாம் அவரை இடிச்சுட்டுப் போறாங்க, மனுசன் நகரல. நான் போயி, "சார், பந்தி போட்டாச்சு"ன்னேன். எங்காதுகிட்ட வந்து, "அந்தப் பிடியை யாரு டிசைன் பண்ணினது?"ன்னாரு. விழா வீட்டுல கேக்கற கேள்விங்களா அது? "எல போட்டாச்சுங்க சார்"ன்னேன். சாப்புடாமயே போயிட்டாரு. எங்கம்மா பேருல போட்ட மொத பந்திங்க அது. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அடுத்த வாரம் அவரே கூப்புட்டு, மூணு பேரையும் ஒண்ணா உக்கார வெக்கச் சொன்னாரு. மில் ஆபீசுலதான் உக்காந்தோம். அதுதான் அவங்க மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் மூஞ்சியப் பாத்துக்கிட்ட மொத நாளு.

ஜெகநாதன் சாரு கேட்டாரு. "வின்சென்ட், அந்தப் பிடிக்கு யாரு கணக்குப் போட்டது?"

"கணக்கு எங்களுது இல்லீங்க சார். படம் போட்டு அனுப்பினேன். நீங்க பாத்துட்டீங்கன்னு சொன்னாங்க, அடிச்சேன்."

"நான் பாக்கவே இல்லியே!"

எல்லாரும் என்னையப் பாத்தாங்க. நான் டீ சொன்னேன். "அட, ஆனது ஆச்சு. இப்ப என்ன பண்றதுன்னு பேசுங்க"ன்னேன்.

ஜெகநாதன் சாரு சொன்னாரு. "மேல சீலிங்கைப் பிரிச்சு ஒவ்வொரு பிடியையும் பாக்கணும். வெல்டிங்கைப் பாக்கணும். கணக்குப் போடணும். நான் செய்யறேன். ஆனா நான் பாத்துட்டா அது என் பொறுப்பு. மாத்தணும்னு நான் சொன்னா மாத்தியே ஆகணும். அதுவரைக்கும் மாடத்துல ஒரு ஆளு ஏறக் கூடாது."

மச்சான் சொன்னாப்ல. "மாத்தறதுன்னா அது புது வேலைங்க. நான் ஒத்துக்கிட்ட வேலை முடிஞ்சு சாவி குடுத்தாச்சு."

வின்சென்ட் சொன்னாரு. "நான் அனுப்பின படத்துக்கும் அடிச்ச புடிக்கும் ஒரு நூலு வித்தியாசம் இருந்தாச் சொல்லுங்க, நானே கழட்டி மாத்தறேன்."

"நான் தெளிவா எழுதியிருக்கேன்"ன்னாரு ஜெகநாதன் சாரு.

"எழுதுனா ஆச்சுங்களா? நாங்க பட்டறைக்காரங்க, கணக்குப் போடற ஆளா எங்கிட்ட இருக்கறாங்க?"ன்னாரு வின்சென்ட்.

நான் உக்காந்து கேட்டுட்டே இருந்தேன். எத்தனையோ பஞ்சாயத்துப் பண்ணியிருக்கறேன், இந்த மாதிரி ஒண்ணைப் பாத்ததில்லீங்க. மூணு பேரு சொன்னதும் ஞாயமாத்தான் இருந்துச்சு. ஒருத்தரு மேலயும் கை நீட்டிக் குத்தம்னு சொல்ல முடியல. குத்தமே இல்லாத எடத்துல கோளாறு மட்டும் எப்படிங்க இருக்கும்? நீங்களே சொல்லுங்க. அதான் அன்னிக்கே தீர்ப்பு சொல்லிட்டேன். "தை, மாசி முகூர்த்தம் பூராவும் மண்டபத்தைக் குடுத்தாச்சுங்க. சீசன் முடியட்டும், பாக்கலாம்."

போறப்ப ஜெகநாதன் சாரு எங்கையப் புடிச்சுக்கிட்டாரு. "படிக்கட்டையாவது பூட்டி வைங்க"ன்னாரு. சரின்னு பூட்டுனேங்க. நானே கடைக்குப் போயி நல்ல பூட்டா வாங்கிட்டு வந்து பூட்டுனேன். மொதக் கல்யாணத்துக்காரங்களே வந்து சாவியக் கேட்டாங்க. மாடத்தைப் பாத்துத்தான் மண்டபத்தை எடுத்திருக்கறாங்க, தர மாட்டேன்னா சொல்ல முடியும்? குடுத்தேன். அப்பறம் ஒவ்வொருத்தருக்கும் தெறந்து தெறந்து மூடறதுக்கு எதுக்குன்னு பூட்டை எடுத்துட்டேன். சீசன் முடிஞ்சுது. அடுத்த சீசன் வந்துச்சு. மாடம் அப்படியேதான் நின்னுச்சு.

இதுவரைக்கும் எனக்கு அவங்க மேல வருத்தம் ஒண்ணும் இல்லீங்க. வருத்தம் எங்க ஆரம்பிச்சுதுன்னா, எம்பொண்ணு கல்யாணத்துல.

தாரணிக்கு ஈரோட்டுல மாப்பளை அமைஞ்சுது. நம்ம மண்டபத்துல நம்ம பொண்ணுக்குக் கல்யாணம். மூணு பேருக்கும் நானும் எங்கூட்டுக்காரம்மா ராஜாமணியும் நேருல போயி, தட்டுல பத்திரிகை வெச்சுக் கூப்புட்டோம். வின்சென்ட் டிரைவர்கிட்ட ஒரு வெள்ளிக் குத்துவெளக்கைக் குடுத்து உட்டுட்டு ஆளு வரல. மச்சான் வந்தாப்ல. தாய்மாமன் மொறைக்குச் சீரெல்லாம் அவருதான செய்யோணும். செஞ்சாப்ல. ஆனா மேடைக்குப் பக்கத்துலயே நிக்கறது, வேலை முடிஞ்சதும் பின்னால சமையல் பந்தலுக்கு ஓடிப் போறது. சாப்பாடும் அங்கியே, அண்டாவுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டே. "ஏன் மச்சான், எல போட்டு உக்காந்து சாப்புடக் கூடாதா?"ன்னேன். "இங்க காத்தோட்டமா இருக்குது"ன்னாப்ல. அடுப்புகிட்ட நின்னுக்கிட்டு காத்தோட்டமாமா!

ஜெகநாதன் சாரு சம்சாரத்தைக் கூட்டிட்டு வந்தாரு. லலிதாம்மா. நல்ல மனுசி, வாய் நெறைய சிரிப்பு. இந்தம்மா நம்ம பொம்பளைகளோட ஒட்டிக்கிட்டு உள்ள போயிட்டாங்க. இவரு வாசல்லயே நின்னுட்டாரு. உள்ள வாங்கன்னாலும் வரல. முகூர்த்தம் முடிஞ்சு பொண்ணு மாப்பளையை மாடத்துக்கு ஏத்துனாங்க. கூடவே எளசுக, பொம்பளைக, போட்டோக்காரங்க. பூவு கொட்டுது, கீழ எல்லாரும் கையத் தட்டறாங்க. நான் மேடையவிட்டு எறங்கி வாசலுக்கு வந்திருந்தேன், அங்கருந்து பாத்துட்டு அழுதுட்டேங்க. அந்த நேரத்துல பக்கத்துல இருந்த ஜெகநாதன் சாரு, "லலிதா"ன்னாரு. சத்தமா இல்ல, தனக்குத்தானே சொல்ற மாதிரி. பாத்தா, மாடத்துல ஓரமா அந்தம்மா நின்னுட்டு, பூவை அள்ளிக் கையில வெச்சிருக்கறாங்க.

ஓடுனாருங்க. அந்த வயசுல, வேட்டி காலுல சிக்குது, ஒறம்பரையெல்லாம் தள்ளிக்கிட்டு ஓடுனாரு. படியேறிப் போயி அந்தம்மா கையப் புடிச்சாரு. "என்னங்க? என்னாச்சுங்க?"ங்கறாங்க அந்தம்மா. இவரு வாயத் தெறக்கல. ஆரையும் பாக்கல. எம்பொண்ணு, "அங்கிள், வாங்க போட்டோ எடுத்துக்கலாம்"னு கூப்புட்டுச்சாம். அதையும் பாக்கல. கையோட இழுத்துட்டு எறங்கி, எம்முன்னாடியே நடந்து, கார்ல ஏத்திட்டுப் போயிட்டாரு. அந்தம்மா கையில அப்பவும் பூவு இருந்துச்சு.

சம்பந்தி ஊட்டாளுக சூழ்ந்துக்கிட்டு என்ன ஏதுன்னு கேக்கறாங்க. "சுகர் எறங்கிப் போச்சாட்ட இருக்குது"ன்னு சமாளிச்சேன். எம்பொண்ணு கல்யாணத்துல, எங்கம்மா பேரு வெச்ச மண்டபத்துல, என்னைய இப்படித் தலைகுனிய வெச்சுட்டாரு.

ராத்திரி ஊட்டுல ராஜாமணி சேலையை மடிச்சு வெச்சுட்டே கேட்டா. "அவரு ஏனுங்க அவரு பொண்டாட்டிய மட்டும் கூட்டிட்டுப் போனாரு?"

"அவரு பொண்டாட்டியத்தான கூட்டிட்டுப் போகோணும், உன்னையக் கூட்டிட்டா போவாரு?"ன்னேன். சிரிப்பான்னு பாத்தேன். சிரிக்கல.

"மேல நம்ம தாரணி நின்னுட்டிருந்துச்சுங்க"ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

அன்னிக்கிருந்து இந்த மண்டபத்துக்குள்ள காலு வெக்கறதில்லீங்க எங்கூட்டுக்காரம்மா. கேட்டா மூட்டு வலிங்கறா. படியே இல்லாத வாசலுக்கு என்ன மூட்டு வலி? பேரனுக்குக் காது குத்தினப்ப இவ்வளவு பெரிய மண்டபத்தை வெச்சுக்கிட்டு, குலதெய்வம் கோயில்ல வெய்யில்ல பந்தல் போட்டுச் சாப்பாடு போட்டேன். தாரணியும் அவங்கம்மா பக்கந்தான் பேசுது. ஊருல ஒருத்தன், "என்னங்க, உங்க மண்டபத்துக்கே வாடகை கட்டுபடியாகலீங்களா?"ன்னு கேட்டுட்டுச் சிரிச்சான். இதையெல்லாம் ஆருகிட்டப் போயிச் சொல்றது?

மனசு ஆறல. கோயமுத்தூருக்குப் போயி ஜெகநாதன் சாரு ஊட்டுக் கதவைத் தட்டிட்டேன். ஞாயம் கேக்கத்தான் போனேன்.

"எம்பொண்ணு கல்யாணத்துல என்னைய அவமானப்படுத்திட்டீங்களே சார், நான் உங்களுக்கு என்ன கொறை வெச்சேன்?"

"மேல ஆளை ஏத்தாதீங்கன்னு சொல்லியிருந்தேன். ஏத்தியிருந்தீங்க."

"அப்படி ஒரு ஆபத்துன்னா அங்கியே சத்தம் போட்டுச் சொல்லியிருக்கோணுமில்லீங்க? எல்லாத்தையும் எறங்கச் சொல்லியிருக்கோணுமில்லீங்க? உங்கூட்டு ஆளை மட்டும் எறக்கிட்டுப் போறது என்னங்க ஞாயம்?"

நான் மடக்கறதுக்காகத்தாங்க கேட்டேன். அவரு செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. "சொல்லியிருக்கணும்"ன்னாரு. அப்பறம், "இனிச் சொல்றேன். கலெக்டருக்கு எழுதறேன். மாடத்தை எறக்கறவரைக்கும் மண்டபத்தை மூடச் சொல்றேன்"ன்னாரு.

எனக்கும் கோவம் வந்துருச்சு. "தாராளமா எழுதுங்க சார். பிளான்ல இருக்கற கையெழுத்து உங்களுது. இத்தனை வருசம் தெரிஞ்சும் ஏன் சொல்லலைன்னு மொதல்ல உங்களைத்தான் கூப்புட்டுக் கேப்பாங்க"ன்னேன்.

லலிதாம்மா காப்பி கொண்டுவந்து வெச்சாங்க. என்னையும் பாக்கல, அவரையும் பாக்கல. நான் குடிச்சுட்டு வந்துட்டேன்.

எழுதலீங்க. எழுத மாட்டாருன்னு எனக்குத் தெரியும். கொஞ்ச நாள்ல ஊட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் மககிட்ட ஆஸ்திரேலியா போயிட்டாங்க. போன் போட்டா எடுக்கறதில்ல. அவ்வளவு படிச்ச மனுசன், பாருங்க, ஒரு மரியாதை தெரியல.

போன மாசியிலதான் ஒரு சத்தம் கேட்டுச்சுங்க. பெரிய கூட்டம், அன்னிக்கு மாடம் நெறைய ஆளு. 'டொம்'முன்னு ஒண்ணு. வெளிய ஆரோ வெடி போட்டுட்டாங்கன்னு எல்லாரும் திரும்பி வாசலப் பாத்தாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். வீடியோக்காரப் பையன்தான் எறங்கி வந்து, "மாடத்துல வெச்சிருந்த சந்தனக் கிண்ணம் ஆரும் தொடாமயே ஒரு ஓரமா நகந்துச்சுங்க"ன்னான். அவனுக பேசறதையெல்லாம் நம்ப முடியுமா? காலையில வந்து பாத்தேன். மேல சீலிங்குல, ஒரு கம்பி எறங்கற எடத்துல, தலைமுடி கணக்கா ஒரு கோடு ஓடியிருந்துச்சு. தட்டிப் பாத்தேன், மாவா உதிந்துச்சு.

நான் சும்மா உட்டுட்டு இருக்கலீங்க, அப்படி நெனச்சுராதீங்க. வின்சென்டைக் கூப்புட்டேன். பட்டறைய வித்துட்டு மகனோட துபாய் போயிட்டாருன்னு அவரு தம்பி சொன்னாரு. மச்சானைக் கூப்புட்டேன். வந்தாப்ல, வாசல்லயே நின்னு எட்டிப் பாத்தாப்ல. "உள்ள வந்து பாரு மச்சான்"ன்னேன். "எனக்குத் தெரிஞ்சது செங்கலும் சிமெண்டுந்தான் மச்சான்"னுட்டு வண்டியைத் திருப்பிட்டாப்ல. புதுசா ஒரு எளவட்டம் இஞ்சினியரைக் கூட்டியாந்தேன். அவன் பழைய படத்தைப் பாத்தான், ஓரத்துல இருந்த வரியப் பாத்தான், "இதை ஒருக்கா நான் தொட்டா அப்பறம் எந்தலையிலதான் விடியும்"னு சொல்லிட்டுப் போனவன் போனவந்தான்.

ஆக, அந்தப் புடி ஆரோடதுங்க? டிசைன் பண்ணுனவரு தன்னுது இல்லைங்கறாரு. அடிச்சவரு தன்னுது இல்லைங்கறாரு. கட்டுனவரு தன்னுது இல்லைங்கறாரு. நான் எண்ணெய் ஆட்டறவன், எனக்கு இரும்பைப் பத்தி என்னங்க தெரியும்? என்னால ஆனதைச் செஞ்சேன். கோடு தெரியாம பட்டி பாத்து, பெயிண்ட் அடிச்சு, அந்த எடத்துல கண்ணாடிச் சரவெளக்கு ஒண்ணு மாட்டிட்டேன். தூக்கி மாட்டறதுக்கே நாலஞ்சு ஆளு வேண்டியிருந்துச்சு, அத்தனை கனம். ஆனா பாக்க லட்சணமா இருக்குது. நீங்க அண்ணாந்து பாத்தது அதைத்தானே? இல்லீங்களா? அதுக்குப் பக்கத்துலயா?

அந்தச் சத்தங்களா? அது செண்டைமேளக்காரங்க. பாலக்காட்டுலருந்து வந்திருக்கறாங்க. இப்ப எல்லாக் கல்யாணத்துக்கும் அதுதான மோகம். இன்னிக்குப் பொண்ணு மாப்பளையோட அவங்களையும் மாடத்துல ஏத்தி, மேல நின்னு ஆடிக்கிட்டே அடிக்கறாப்புல ஏற்பாடு. ஒரு பெரிய செட்டு. இப்ப வெளிய நின்னு சும்மா தட்டிப் பாக்கறாங்க.

ஏனுங்க எந்திரிச்சுட்டீங்க? டீ அப்படியே இருக்குது. இருங்க, இருங்க. உங்க மூஞ்சியப் பாத்தா பயந்துட்டாப்ல இருக்குது. நான் என்னமோ மனசுல கெடந்ததைச் சொன்னேன். இத்தனை வருசம் ஒண்ணும் ஆகலீங்களே? எத்தனை கல்யாணம் நடந்திருக்குது! மந்திரியே ஏறி நின்ன மாடங்க.

சரி, ஒண்ணு பண்ணலாம். உங்களுக்கு மனசு ஒப்பலைன்னா ஆவணியில உங்க கல்யாணத்துக்கு மாடத்தை மூடியே குடுத்துடறேன். படிக்கட்டுல ஒரு சங்கிலி போட்டு, ஆளும் நிறுத்தி வெச்சுடறேன். ஒரு குஞ்சு மேல ஏறாது. மாடத்துக்குக் கீழ சேர் போடாதீங்கன்னாலும் போடல. நீங்க வாயத் தெறந்து கேட்டீங்கன்னா நான் செஞ்சு குடுத்துருவேங்க. அதுல நமக்கு ஒரு கஷ்டமும் இல்ல.

இன்னிக்குங்களா?

இன்னிக்குக் கல்யாணக்காரங்க கேக்கலீங்களே. கேக்காதவங்ககிட்ட நானாப் போயி எதுக்குங்க சொல்லோணும்? நல்ல நாளும் அதுவுமா, சந்தோசமா வர்றவங்க.

அந்தா, மாப்பளை காரு வந்துருச்சு. வாசல்ல நிக்காதீங்க, இப்படி ஓரமா வந்துருங்க. செண்டைக்காரங்க மேல ஏறட்டும்.